எல்லாம் உள்ள சிடி

2004 வாக்கில் சின்னமனூர் வட்டாரக் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு சிடிக்குத் தனி மதிப்பு இருந்தது. ‘ஆல் இன் ஒன்’ என்பார்கள். அதைப் போட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். டாஸ் வேண்டுமா, விண்டோஸ் 98 போட வேண்டுமா, நாப்பிக்ஸ் லினக்ஸ் வேண்டுமா, மெமரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா என்று கேட்கும். அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டினால் போதும். கைக்கடக்கமான ஒரே தட்டில் இத்தனையும் இருந்தன. அந்தச் சிடியைச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரிந்தவனுக்குக் கடையில் நாற்காலி கிடைத்தது. எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது அப்படித்தான்.

நான் குச்சனூர்க்காரன். வேலை கற்றது சின்னமனூரில். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கம்ப்யூட்டர்கள் ஒரே வயதில் இருந்ததில்லை. வாழைக்காய் மண்டியிலும் ரைஸ் மில்லிலும் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் போடும் புரோகிராம் டாஸில் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கத்தும். ஸ்டுடியோவில் போட்டோஷாப்புக்காக எக்ஸ்பி. கல்லூரிப் பிள்ளைகளுக்கு டர்போ சி. டைப்பிங் சென்டரில் இன்னும் 98. ஒரு மிஷினுக்கு ஏற்றது இன்னொன்றுக்கு ஏறாது. போடிப் பக்கம் ஏலக்காய்க் கடையிலிருந்து அழைப்பு வந்தால், எந்த மிஷின் என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஃபிளாப்பிகளையும் சிடிகளையும் கட்டாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்குத்தான் ஒரே சிடியில் எல்லாம் இருப்பதன் அருமை புரியும். சனிக்கிழமையென்றால் குச்சனூர் பஸ்ஸில் சனீஸ்வரர் கோயில் கூட்டம் நிற்க இடமில்லாமல் வரும். ஆடி மாதச் சனிக்கிழமைத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில், சாக்கில் கட்டிய சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நாப்பிக்ஸ் வந்த பிறகு அந்தச் சிடி வேறு ஒன்றாக ஆகிவிட்டது. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட லினக்ஸ் அது. ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே நேராக ஓடும். 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 2 ஜிபி அளவுக்கான மென்பொருள்கள் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். தேவைப்படும் துண்டு மட்டும் அந்த நேரத்தில் விரியும்.

ஒரு வாழைக்காய் மண்டி முதலாளியை மறக்க முடியாது. விண்டோஸ் பாதியில் நின்று நீலத்திரை காட்டியது. அவருக்குக் கை நடுங்கியது.

“தம்பி, கணக்குப் பூராம் போச்சாப்பா?”

“இல்லைங்கய்யா, எல்லாம் உள்ளதான் இருக்கு. விண்டோஸ்தான் எந்திரிக்கல.”

நாப்பிக்ஸைப் போட்டேன். அவருடைய ஹார்டு டிஸ்க் ஒரு சின்னப் படமாகத் திரையில் வந்தது. அதைத் திறந்ததும் விவசாயிகள் பற்றுவரவுக் கோப்புகள் வரிசையாக நின்றன. இன்னொரு டிஸ்க்கில் அவற்றை நகலெடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். கம்ப்யூட்டர் வேறு, அதை எழுப்புகிற இயங்குதளம் வேறு, அதில் இருக்கும் நம் கணக்கு வேறு என்று அந்தப் பெரியவர் அன்றைக்குக் கண்ணால் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கும் இந்த வேலை வெறும் ஃபார்மேட் அடிக்கிற வேலையாகத் தெரியவில்லை.

அந்தச் சிடியைத் தயாரிப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

சிடியின் ஒவ்வொரு செக்டாரும் 2048 பைட். 1988-இல் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 9660 விதி முதல் 16 செக்டார்களை, அதாவது 32 கேபி இடத்தை, எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்தது. 16 என்ற எண்ணுள்ள செக்டாரில் சிடியின் விவரம் இருக்கும். 17-இல் கம்ப்யூட்டரை எழுப்புவதற்கான பூட் பதிவு. இந்தப் பூட் பதிவை 1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து வகுத்தன. அந்த முறைக்கு எல் டொரிட்டோ என்று பெயர். அதற்கு முன் ஃபிளாப்பியோ ஹார்டு டிஸ்க்கோ இல்லாமல் சாதாரண பிசி எழும்பாது. ஆன் செய்ததும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற நிரல் 17-ஆம் செக்டாரைப் படிக்கும். அங்கே பூட் பட்டியல் எங்கே என்று எழுதியிருக்கும். பட்டியலில் எந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்ற வேண்டும் என்று இருக்கும். அங்கிருந்து வேலை அந்தக் கோப்பின் கைக்கு மாறும்.

பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை வைக்க எல் டொரிட்டோ இடம் தந்தது. ஆனால் எங்கள் கடைக்கு வந்த மதர்போர்டுகளின் பயாஸ் முதல் பதிவைப் படித்துவிட்டு மற்றவற்றைக் கண்டுகொள்ளாது. ஆகவே அந்த முதல் பதிவிலேயே ஒரு மெனுவை உட்கார வைக்க வேண்டும். அதற்கு எச். பீட்டர் ஆன்வின் எழுதிய ஐசோலினக்ஸ் கைகொடுத்தது. அவரே எழுதிய மெம்டிஸ்க் என்ற சிறு நிரல் இன்னும் அருமையானது. 1.44 எம்பி ஃபிளாப்பியின் முழு நகலையும் ராமில் ஏற்றி, ‘ஏ டிரைவில் ஃபிளாப்பி இருக்கிறது’ என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்கும். ஃப்ரீடாஸ், மெமரி சோதனை, ஹார்டு டிஸ்க் கம்பெனிகள் தந்த பரிசோதனை ஃபிளாப்பிகள் எல்லாம் இந்த வழியில்தான் சிடிக்குள் குடியேறின.

லினக்ஸ்கள் ஒன்றோடொன்று மோதுவது தனிச் சிக்கல். நாப்பிக்ஸ் எழும்பியதும் சிடியில் தன் பெயருள்ள ஃபோல்டரைத் தேடும். உபுண்டு ‘காஸ்பர்’ என்ற ஃபோல்டரைத் தேடும். இரண்டு உபுண்டு பதிப்புகளை ஒரே டிவிடியில் வைத்தால் இரண்டும் ஒரே ஃபோல்டருக்குச் சண்டை போடும். ஒன்றின் ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டு, புதுப் பாதையை மெனு வரியில் சேர்த்து எழுத வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் பாதி வழியில் கறுப்புத் திரையில் நிற்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் 2000-உம் பிடிவாதம் பிடித்தன. நிறுவலைத் தொடங்கும் கோப்புக்குள்ளேயே ‘ஐ386’ என்ற ஃபோல்டர் பெயர் பதிந்திருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க, அந்தக் கோப்பை, பைட்டுகளை நேராக மாற்ற உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, அதே நான்கு எழுத்து நீளத்தில் வேறு பெயரைத் தட்டி எழுத வேண்டும். ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ கோப்பு கெட்டுவிடும். ஒரே மாதிரியான கோப்புகளை ஒருமுறை மட்டும் எழுதி, இரண்டு ஃபோல்டர்களிலும் அதையே காட்டும் வசதி மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியிலேயே இருந்தது. அதனால்தான் பல பதிப்புகள் ஒரே டிவிடியில் அடங்கின.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அன்று எங்கள் பக்கத்தில் விண்டோஸை உரிமத்தோடு காசு கொடுத்து வாங்கியவர்கள் அபூர்வம். கடைகளில் சுற்றிய சிடிகளில் பெரும்பாலானவை சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. அந்தத் தட்டில் இருந்த லினக்ஸ் பகுதியையும் ஃப்ரீடாஸையும் மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்து நிமிர்ந்து கொடுக்க முடிந்தது. வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், உள்ளே மாற்றி எழுதலாம். இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது எந்தச் சொற்பொழிவும் இல்லை, அந்தச் சிடிதான்.

சிடியின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பு கிடைப்பதுதான் பெரும்பாடு. 2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. 256 கேபிபிஎஸ் வேகத்தில் 700 எம்பி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராத ஒரு திட்டம் இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறக்குறைய ஒரு சிடி தேறும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜர் இருந்தாக வேண்டும். 2003-இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபார் யூ’ ஆங்கில மாத இதழோடு சிடி வரும். அந்த இதழுக்காக மதுரை போகிறவர்களிடம் சொல்லி வைப்போம்.

உபுண்டு செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. முகவரியை எழுதிக் கொடுத்தால் ஷிப்இட் திட்டத்தில் ஒரு பைசா வாங்காமல் நெதர்லாந்திலிருந்து சிடியைத் தபாலில் அனுப்பினார்கள். குச்சனூர் தபால்காரர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருப்பா வெளிநாட்டுல?” என்று கேட்டுக் கொடுத்தார். பழுப்பு அட்டையில் அழகாக அச்சிட்ட சிடி. மேற்கு மலைக்கும் மேகமலைக்கும் நடுவில், சுரபி ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு ஊர்க்காரன் கேட்டதற்காக யாரோ கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள். 2011 ஏப்ரலில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

தயாரித்த சிடியை எழுதுவதும் பொறுமையான வேலை. வேகத்தைக் குறைத்து எழுதினால்தான் பழைய டிரைவ்கள் படிக்கும். பெரும்பாலும் மோசர் பேயர் சிடிதான். தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்குக் கொடுத்த அதே கம்பெனி. 2018-இல் அதைக் கலைத்துவிடத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட செய்தியைப் படித்தபோது, எங்கள் மேசை டிராயர் முழுக்க இருந்த அந்த வெற்றுச் சிடிகள் ஞாபகம் வந்தன. ஃபிரான்ஸின் ஃபப்ரீஸ் பெல்லார் 2003-இல் கியூஇஎம்யூ என்ற மென்பொருளைத் தந்தார். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டும் அது. எழுதுவதற்கு முன்பே ஐஎஸ்ஓ எழும்புகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு சிடிகள் வீணாவது குறைந்தது.

2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. குச்சனூர்ப் பிள்ளைகள் கையிலும் மடிக்கணினி வந்தது. களை எடுக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளையின் மடியில் கம்ப்யூட்டர் இருந்த காட்சியைப் பார்க்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதைவிட மகிழ்ச்சி, அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் ஒன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று. நாங்கள் சிடியில் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த அந்த மெனுவை அரசே ஒவ்வொரு பிள்ளையின் திரையிலும் கொண்டுவந்து வைத்திருந்தது. பாஸ் தமிழிலும் பேசும். அரசு அலுவலகங்களில் லினக்ஸைக் கொண்டுவர தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த முயற்சியையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். புது மடிக்கணினியோடு கடைக்கு வந்த பையன்களின் முதல் கோரிக்கை, “அண்ணே, இந்த லினக்ஸ எடுத்துட்டு வேற விண்டோஸ் போட்டு விடுங்கண்ணே” என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆன் செய்ததும் வரும் இரண்டு வரிகளில் இரண்டாவது எதற்கு என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் சொல்லித்தர ஆளில்லை. கடைகளுக்கோ அழித்துப் போட்டால் கூலி கிடைத்தது. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தில், இரண்டாவது வரிக்கு ஒரு மணி நேர வகுப்பு வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். 2012-இல் பள்ளத்தாக்கில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கரண்ட் இருந்த நேரத்தையும் நான் பிள்ளைகளை உட்கார வைத்து அந்த இரண்டாவது வரியைத் திறந்து காட்டவே செலவழித்தேன். சிலர் வைத்துக்கொண்டார்கள்.

கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி. அங்கே கேரள எல்லை தொடங்குகிறது. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே படித்து, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையும் அதிலேயே எழுதுகிறார்கள். 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துக் கொடுத்தது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் நம் ஆட்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு அறிவில் குறைச்சல் இல்லை. அங்கே ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே அழித்துக் கொடுத்தார்கள். நம் பக்கமும் 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய கணினி அறிவியல் பாடநூல் உபுண்டுவை விண்டோஸோடு சேர்த்துப் பாடமாக வைத்தது. நல்ல மாற்றம் அது, ஏழு வருடம் தாமதமாக வந்தது.

இப்போது கதை முழுக்கத் தலைகீழ். மடிக்கணினிகளில் சிடி டிரைவே இல்லை. 2020-இல் வந்த வென்டாய் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஒருமுறை நிறுவினால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சினிமாப் பாட்டைக் காப்பி செய்வது மாதிரி அதில் போட்டுக்கொண்டே போகலாம். மெனுவை அதுவே தயாரிக்கும். ஃபோல்டர் பெயரை மாற்ற வேண்டாம், ஹெக்ஸ் எடிட்டர் வேண்டாம். 64 ஜிபி பென்டிரைவில் பத்து இயங்குதளங்கள் தாராளமாக உட்காரும். நான் இரவெல்லாம் விழித்துச் செய்ததைப் பத்தாம் வகுப்புப் பையன் பத்து நிமிடத்தில் செய்கிறான். எனக்கு இதில் முழு மகிழ்ச்சி.

அடியில் இருப்பது மட்டும் அதே பழைய அஸ்திவாரம்தான். பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் பழைய பயாஸுக்கு ஒரு பதிவும் அதன் இடத்துக்கு வந்த புதிய யூஇஎஃப்ஐக்கு ஒரு பதிவும் இருக்கின்றன. எங்கள் காலத்துப் பயாஸ் படிக்க மறுத்த அந்த இரண்டாவது பதிவுதான் இன்று புதுக் கம்ப்யூட்டர்களை எழுப்புகிறது. 1988-இல் சும்மா விட்டுவைத்த 32 கேபி இடத்தில் பென்டிரைவுக்கான பூட் நிரலை எழுதும் முறை பின்னால் வந்தது. அதனால் அதே ஐஎஸ்ஓ சிடியிலும் எழும்புகிறது, பென்டிரைவிலும் எழும்புகிறது. எதிர்காலத்தில் யாருக்கோ தேவைப்படும் என்று இடம் ஒதுக்கி வைத்த அந்த முகம் தெரியாத பொறியாளர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆனால் கேட்க ஆளில்லை. வேண்டும் என்று ஊரே அலைந்த காலத்தில் அந்தச் சிடியைச் செய்வது கடினம். இன்று கை அசைத்தால் கிடைக்கிறது, யாருக்கும் வேண்டாம். பிள்ளைகள் கையில் இருப்பது போன். கம்பெனி போட்டுக் கொடுத்த இயங்குதளம்தான் அதில் ஓடும். இன்னொன்றால் எழுப்பலாமா என்ற கேள்வியே அவர்களுக்கு எழ வழியில்லாதபடி பெரும்பாலான போன்கள் பூட்டி வருகின்றன. காசு கொடுத்து வாங்கிய பொருள் யார் சொல்லுக்கு எழும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டும். பழைய பிசியில் அது இருந்தது. அதை இழந்ததைப் பற்றி யாரும் பேசாததுதான் எனக்குப் பெரிய கவலை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். முதல் வருடங்களில் வந்த விலையில்லா மடிக்கணினிகளில் இருந்தது 2 ஜிபி ராம்தான். அவற்றுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸ் அதே மிஷினில் நன்றாக ஓடுகிறது. தமிழில் தட்டச்சு செய்யலாம், லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதலாம், பிள்ளைகள் பைத்தான் பழகலாம். இப்படி எழுப்பிய மடிக்கணினிகளில் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதைக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மிஷினோடு பல இயங்குதளங்கள் உள்ள ஒரு பென்டிரைவையும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு மணி நேர வகுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். குச்சனூர், மார்க்கையன்கோட்டை, சின்னமனூர்ப் பக்கம் பழைய மடிக்கணினியை அலமாரியில் போட்டு வைத்திருப்பவர்களிடம் இன்னொன்று: அதை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் பென்டிரைவைச் சொருகி, ஆன் செய்து பாருங்கள். ‘நிறுவு’ என்பதைத் தொடாதவரை, உள்ளே இருக்கும் உங்கள் போட்டோவும் கணக்கும் அப்படியே இருக்கும். பிடித்திருந்தால் அவற்றை நகலெடுத்துவிட்டு நிறுவிக்கொள்ளுங்கள்.